குழியும் பூஞ்சையும்: நெஞ்சறுவையின் அன்றும் இன்றும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ஏறித் தாம்பரத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய நிறுத்தம் ‘தாம்பரம் சானடோரியம்’. தினமும் அங்கே இறங்கி ஏறுகிறவர்களில் பலருக்கு அது மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்து வேலைக்குப் போகிற ரயிலடி, அவ்வளவுதான். சானடோரியம் என்றால் என்ன என்று ஓர் இருபது வயதுப் பிள்ளையைக் கேட்டால், ஏதோ ஊர்ப்பெயர் என்பான். 1928-ல் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. 1937-ல் அரசின் கைக்கு வந்தது. இப்போதும் நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது. நோயின் பெயர் ரயில் நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது. நோயின் நினைவு மட்டும் உதிர்ந்துவிட்டது.

நான் எழுத வந்தது பூஞ்சையைப் பற்றி. நுரையீரலுக்குள் உருண்டையாகத் திரண்டு உட்கார்ந்துகொள்ளும் பூஞ்சையையும், அதை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் எப்படி மாறியது என்பதையும் பற்றி. ஆனால் அந்தக் கதைக்கு வாசல் இந்த ரயிலடிதான்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டிருந்தார்கள். கிருமி நுரையீரலின் மேல்பகுதியை அரித்துக் குழி பறிக்கிறது. அந்தக் குழி திறந்து கிடக்கும்வரை நோயாளி கிருமியை இருமிக்கொண்டே இருப்பார். குழி மூடிக்கொண்டால் பிழைக்க வழி உண்டு. ஆகவே வைத்தியம் முழுக்கக் குழியை மூடுவதிலேயே இருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசிவழியே காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்கவைப்பது ஒரு முறை. ‘காற்று ஏற்றிக்கொள்வது’ என்று சொல்லி வாரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அது பலிக்காவிட்டால் தோராகோபிளாஸ்டி. ஏழெட்டு விலா எலும்புகளை இரண்டு மூன்று தவணையாக அறுத்து எடுத்துவிடுவார்கள். தாங்க எலும்பில்லாத நெஞ்சுச்சுவர் உள்ளே அமுங்கி, நுரையீரலின் உச்சியை நசுக்கிக் குழியை அடைத்துவிடும். பல இடங்களில் ஊசியால் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே இதைச் செய்தார்கள். எலும்பு வெட்டும் சத்தம் தன் காதிலேயே விழ ஒருவர் படுத்துக் கிடந்ததை எண்ணிப் பாருங்கள். பிழைத்தவர்களுக்கு ஒரு பக்கத் தோள் சரிந்திருக்கும்; முதுகில் தோள்பட்டையைச் சுற்றிக்கொண்டு நீளமான தழும்பு ஓடும். சட்டை கழற்றித் திண்ணையில் விசிறிக்கொண்டிருந்த தாத்தாக்களில் யாரிடமாவது அந்தத் தழும்பை நீங்கள் பார்த்திருக்கலாம்.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948-ல். அதே 1948-ல்தான் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நெஞ்சறுவை மருத்துவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவில் நெஞ்சறுவைக்கென்று தனித்துறை முளைத்தது அங்கேதான். குழியை நசுக்குவதோடு நிற்காமல், கெட்டுப்போன பாகத்தையே வெட்டி எடுத்துவிடும் காலம் தொடங்கியிருந்தது. 1933-ல் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அமர்வில் எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த பிறகு வந்த துணிச்சல் இது.

அன்றைய ஆபரேஷனில் பெரிய பயம் கத்தியால் வந்ததல்ல, சளியால் வந்தது. கெட்ட நுரையீரலைக் கையால் அழுத்தும்போது அதிலுள்ள சீழும் ரத்தமும் மூச்சுக்குழாய் வழியே நல்ல நுரையீரலுக்குள் பாய்ந்துவிடும். நோயாளி மேஜையிலேயே மூழ்கிப்போவார். அதற்காக நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து முதுகுவழியே அறுக்கும் முறை நாற்பதுகளில் வழக்கில் இருந்தது. சளி வாய்ப்பக்கம் வடியட்டும் என்பதற்காக. 1949-ல் ஸ்வீடனின் கார்லென்ஸ் இரட்டைக் குழல் ஒன்றைச் செய்தார். இரண்டு நுரையீரலையும் தனித்தனியே அடைத்து, ஒன்றை ஓடவிட்டு மற்றதை நிறுத்திவைக்க முடிந்தது. 1962-ல் ராபர்ட்ஷா அதை மேலும் செம்மைப்படுத்தினார். ஆபரேஷன் சரித்திரத்தில் கத்தி பிடித்தவர்களின் பெயர்தான் நிற்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர் செருகிய இந்த ரப்பர் குழல் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

பிறகு மருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்திய மையம் அது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரைச் சானடோரியத்துக்கும் மீதிப்பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருசாராருக்கும் ஒரே மாத்திரை, ஓர் ஆண்டு. சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டிலோ நெரிசல், அரைவயிறு, வேலை. 1959-ல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களால் அவரவர் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. மலைக்காற்றும் முட்டையும் பாலும் சேர்ந்து கட்டிய கோட்டையைச் சென்னையின் ஏழை வீடுகள் இடித்துத் தள்ளின. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியானதற்குச் சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம் என்பதில் நமக்குப் பெருமைப்பட உரிமை உண்டு.

காற்று ஏற்றுவது நின்றது. விலா எலும்பை அறுப்பது அருகிப்போனது. கிருமி செத்தது, சளி சுத்தமானது, நோயாளி வேலைக்குத் திரும்பினார். ஆனால் குழி? பலருக்கு அது அப்படியே கிடந்தது. முன்பெல்லாம் அவ்வளவு பெரிய குழியோடு அநேகமாக யாரும் நெடுநாள் உயிரோடு இருந்ததில்லை. இப்போது இருந்தார்கள். கிருமி காலிசெய்துவிட்டுப் போன அறை, கதவு திறந்தபடி, இருட்டாக, ஈரமாக, உடம்பின் இதமான சூட்டோடு இருபது முப்பது ஆண்டு காத்திருந்தது.

அந்த அறைக்குள்தான் பூஞ்சை குடிவந்தது.

ஆஸ்பெர்ஜில்லஸ் எங்கும் இருக்கும் பூஞ்சை. வைக்கோற்போரில், எருக்குழியில், நனைந்த சுவரில், பழைய தலையணையில். 1729-ல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் உருப்பெருக்கியில் இதைப் பார்த்தபோது, கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவிபோல் இருக்கிறதே என்று அந்தக் கருவியின் லத்தீன் பெயரையே வைத்தார். அதன் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான்தான். நுரையீரலின் கடைசி அறைவரை போய்ச் சேரும். இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்களும் சிலவற்றை இழுத்திருப்பீர்கள், கவலை வேண்டாம். நல்ல நுரையீரல் அவற்றைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். பழைய குழிக்குள் துடைக்க ஆளில்லை. வித்து முளைத்து, நூல்நூலாக வளர்ந்து, சளியும் செத்த செல்லும் சேர்ந்து ஒரு பந்தாகத் திரளும். கழுவாத எண்ணெய்க் கந்தலைச் சுருட்டியதுபோல் பழுப்பாக, உதிரியாக இருக்கும். இதற்கு ஆஸ்பெர்ஜில்லோமா என்று பெயர். பேச்சில் பூஞ்சைப் பந்து.

இதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல. 1842-லேயே எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பவர் ஒரு நோயாளியின் நுரையீரல் குழியில் பூஞ்சையைப் பார்த்து எழுதிவைத்தார். ஆனால் அது அரிய வேடிக்கையாகவே நெடுங்காலம் இருந்தது. வேடிக்கை வியாதியானது காசநோய் மருந்துக்குப் பிறகுதான். அறுபதுகளின் பிற்பாதியில் பிரிட்டனின் காசநோய்ச் சங்கத்தார், காசம் குணமாகியும் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத குழி மிஞ்சியிருந்த 544 பேரைத் தேடிச் சோதித்தார்கள். நாலில் ஒருவர் ரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கான எதிர்ப்பொருள் இருந்தது. சில ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது பந்து உருவானவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

அன்றைக்கு அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரே மட்டும்தான். குழிக்குள் ஒரு வெள்ளை உருண்டை, அதன் தலைக்குமேல் பிறைநிலா போலக் கறுப்பாகக் கொஞ்சம் காற்று. அது புற்றுநோய்க் கட்டியா, பூஞ்சைப் பந்தா? நோயாளியை உட்காரவைத்து ஒரு படம், படுக்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள். கட்டி என்றால் இருந்த இடத்தில் இருக்கும். பந்தோ, கிலுகிலுப்பைக்குள் விதை உருளுவதுபோல் கீழ்ப்பக்கம் உருண்டுவிடும்.

பந்து சும்மா கிடந்தால் தொல்லையில்லை. சிலருக்குத் தானாகவே கரைந்துபோவதும் உண்டு. ஆனால் குழியின் சுவரைச் சுற்றி ரத்தக்குழாய்கள் கோரைப்புல் மாதிரி மண்டும். நுரையீரலுக்கான வழக்கமான குறைந்த அழுத்தக் குழாய்கள் அல்ல இவை. பெருந்தமனியிலிருந்து நேரே கிளைக்கும் அதிக அழுத்தக் குழாய்கள். அவற்றில் ஒன்று கிழிந்தால் இருமலோடு ரத்தம் வரும். முதலில் சளியில் கோடுபோல. பிறகு ஒரு நாள் தம்ளர் தம்ளராக. இப்படி இறப்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் இழந்து இறப்பதில்லை, தன் ரத்தத்திலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள். கால் லிட்டர் ரத்தம் போனால் உடம்பு தாங்கிக்கொள்ளும். அதே கால் லிட்டர் மூச்சுக்குழாயில் நின்றால் தாங்காது.

பூஞ்சைப் பந்தை வெட்டியெடுத்த முதல் ஆபரேஷன் என்று மருத்துவ நூல்கள் குறிப்பது அமெரிக்காவில் கெர்ஸ்டில் குழுவினர் பதிவுசெய்ததை. ஆண்டு, மறுபடியும், 1948. 1960-ல் லண்டனின் பெல்ச்சர், பிளம்மர் இருவரும் இந்தப் பந்துகளை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். மெல்லிய சுவருள்ள குழி, சுற்றிலும் நல்ல நுரையீரல் என்றால் எளியது. தடித்த சுவர், சுற்றிலும் காசம் தின்று வடுவாகிப்போன நுரையீரல் என்றால் சிக்கலானது. அறுபதாண்டுக்குமேல் ஆகியும் அந்தப் பிரிவினை மாறவில்லை. இன்றும் ஆபரேஷன் அறையில் முதல் கேள்வி இதுதான்.

சிக்கல் எங்கே என்றால் பந்தில் இல்லை. பந்தை விரலால் எடுத்துவிடலாம். நுரையீரல்தான் நெஞ்சுச்சுவரோடு தோலும் சதையுமாக ஒட்டிக்கிடக்கும். சாதாரண ஆபரேஷனில் நுரையீரல் கைக்குள் வழுக்கிக்கொண்டு வரும். இங்கே அதைச் சுவரிலிருந்து அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் இடமெல்லாம் ரத்தம் கசியும். பிரித்து, நுரையீரலின் கெட்ட பாகமான மடலை எடுத்த பிறகு இன்னொரு தொல்லை. மீதி நுரையீரல் காசத்தால் விறைத்துப்போனது. விரிந்து காலி இடத்தை நிரப்பாது. காலி இடம் மிஞ்சினால் அங்கே சீழ் கட்டும், மூச்சுக்குழாயின் தையல் விட்டுப்போகும், மறுபடியும் பூஞ்சை வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1986-ல் வெளியிட்ட 53 நோயாளிகளின் கணக்கில், எளிய பந்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 5 பேர் இறந்தார்கள். சிக்கலான பந்துக்கு 34 பேர். மூன்றில் ஒருவர்! அந்த ஆண்டுகளில் பல மருத்துவர்கள் ‘ரத்தம் வந்தால் பார்ப்போம்’ என்று கத்தியைத் தள்ளிவைத்ததில் வியப்பில்லை.

காலி இடத்தை அடைக்க வேறு வழி தெரியாதபோது அவர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் தெரியுமா? பழைய தோராகோபிளாஸ்டியை. காசநோய்க்காக ஓய்வுகொடுத்து அனுப்பிய கிழட்டு ஆபரேஷன், பூஞ்சைக்காகத் திரும்ப வேலைக்கு வந்தது. இன்றும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது முதுகிலுள்ள பெரிய தசையையோ வயிற்றுக் கொழுப்புப் படலத்தையோ ரத்தக்குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து குழியில் திணித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மடலை எடுக்கத் தாங்காத பலவீனமான நோயாளிக்குக் குழியை மட்டும் திறந்து, பந்தை அள்ளிவிட்டுத் தசையால் நிரப்பி மூடுகிறார்கள். அன்றும் இன்றும் எல்லா முறையின் அடியிலும் குழியை மூடுகிற அதே எண்ணம்தான் இருக்கிறது. பூஞ்சையை எடுத்துவிட்டுக் குழியை விட்டுவைத்த ஆபரேஷன் பாதி ஆபரேஷன்.

இன்றைக்கு நிஜமாக மாறியவை ஆபரேஷனுக்கு முன்பு நடப்பவை என்பது என் எண்ணம். ஸ்கேன் வந்தது, குழி எவ்வளவு, ஒட்டல் எங்கே, எந்தத் தமனி உள்ளே நுழைகிறது என்பது நெஞ்சைத் திறக்குமுன்பே தெரிகிறது. 1973-74 வாக்கில் பிரான்சின் ழாக் ரெமியும் உடனிருந்தவர்களும் தொடைத் தமனிவழியே மெல்லிய குழாயை ஏற்றி, ரத்தம் கொட்டும் கிளையை உள்ளிருந்தே அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் ரத்தம் கக்கி வந்தவரை அன்று அப்படியே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று அடைப்புப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, உடம்பைத் தேற்றி, பூஞ்சை மருந்து கொடுத்து, நிதானமாக நாள்பார்த்து ஆபரேஷன் செய்கிறார்கள். ஆனால் அடைப்பை மட்டும் நம்பி வீட்டுக்குப் போய்விடுவது தப்பு. பூஞ்சைக்குழியில் புதுக்குழாய்கள் மறுபடி மண்டும். மாதங்களிலோ ஆண்டுகளிலோ ரத்தம் திரும்ப வரும். அது தீர்ப்பல்ல, வாய்தா.

எளிய பந்துகளை இப்போது நெஞ்சைப் பிளக்காமல் இரண்டு மூன்று துளைகள் வழியே கேமராவை விட்டு எடுத்துவிடுகிறார்கள். ஒட்டல் பலமாக இருந்தால் மட்டும் நடுவழியில் திறக்க நேர்கிறது. தேர்ந்த மையங்களில் இறப்பு பெரிதும் குறைந்துவிட்டது. கைத்திறனைவிட, யாருக்குச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டதே அதற்குப் பெரிய காரணம் என்பேன்.

மருந்தின் கதையும் உண்டு. ஆம்போடெரிசின் ஐம்பதுகளில் வந்தது. சிறுநீரகத்தை வாட்டும், ஏற்றும்போதே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தூக்கிப்போடும். பந்துக்குள் ரத்த ஓட்டமே இல்லாததால் ஊசியில் போட்ட மருந்து அங்கே சேராது. குழிக்குள்ளேயே குழாய்வழியே ஊற்றியும் பார்த்தார்கள். இட்ராகோனசோல், அப்புறம் 2002-ல் வோரிகோனசோல் என மாத்திரையாகவே விழுங்கும் மருந்துகள் வந்த பிறகு, குழியைச் சுற்றி மெல்ல மெல்ல நுரையீரலைத் தின்னும் நாள்பட்ட வகைக்கு மருந்தே முதல் வைத்தியமாகிவிட்டது. எவ்வளவு நாள் கொடுக்க வேண்டும் என்பதற்கு விடைசொன்னது நம் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம். இட்ராகோனசோலை ஆறு மாதம் கொடுத்தவர்களில் 100-க்கு 38 பேருக்கு நோய் திரும்பியது. ஓராண்டு கொடுத்தவர்களில் 10 பேருக்கு மட்டும். 2022-ல் வந்த முடிவு இது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டு, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை முதல் வரிசையில் வைத்தது.

இடையில் 2021 வந்துபோனது. கொரோனாவின் இரண்டாம் அலையில் சர்க்கரை ஏறியவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் தேடி வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். பெரும்பாலும் மூக்கும் கண்ணும், சிலருக்கு நுரையீரல். அது வேறு இனம், வேறு வேகம். ஆஸ்பெர்ஜில்லோமா ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், கருப்புப் பூஞ்சை நாட்கணக்கில் ரத்தக்குழாயை அடைத்துத் திசுவைச் சாகடிக்கும். செத்த திசுவுக்குள் மருந்து போகாது. அங்கே மருந்தோடு சேர்த்து, நோயாளி தாங்குவார் என்றால், கெட்ட மடலைச் சீக்கிரம் வெட்டியெடுப்பதே இன்றும் வழி. பூஞ்சை என்றால் தேமல், பொடுகு என்று நினைத்திருந்த நாட்டுக்கு அந்தக் கோடைகாலம் வேறு பாடம் நடத்திவிட்டது.

எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் அன்றுபோலவே இன்றும் நடக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பத்து வருஷத்துக்கு முன் டிபி வந்து முழுக்கோர்ஸ் மாத்திரை சாப்பிட்டவர். மறுபடி இருமல், இளைப்பு, சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில் பழைய குழி. ‘டிபி திரும்பிவிட்டது’ என்று அதே மாத்திரை மறுபடி தொடங்கிவிடும். சளியில் கிருமியே தென்படாவிட்டாலும் தொடங்கிவிடும். ஆறு மாதம் போகும், உடம்பு தேறாது; இன்னும் கனமான மாத்திரை வரும். அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்துகள் ரத்தத்தில் நிற்கவிடாமல் கரைத்து வெளியேற்றிவிடும் குணமுள்ளது. ஆகவே நடுவில் யாராவது பூஞ்சையைச் சந்தேகித்து மருந்து சேர்த்தாலும் அது வேலைசெய்யாது. ஆபரேஷனால் முழுசாகக் குணமாகியிருக்கக்கூடிய ஒரு மடல் நோய், ஆபரேஷன் தாங்காத முழு நுரையீரல் நோயாக முற்றுவது பெரும்பாலும் இப்படி வீணாகும் மாதங்களில்தான்.

உங்கள் வீட்டில் டிபி குணமான ஒருவர் இருந்து, அவர் மறுபடி இருமினால், சளியில் ஒரு கோடு ரத்தம் கண்டால், முதலில் சளியைக் கிருமிக்குச் சோதியுங்கள். கிருமி இல்லை என்று வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேனும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் பெயர்சொல்லிக் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் பரணில் கிடந்தால் தூசிதட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.